பத்தாயிரம் வருஷம் ஓடிய வண்டி

ஜூலை 9

துளை போடுகிற பிட் விற்கிற கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாகப் பீரோவில் கிடந்தது. திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ஆபீஸில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக லாரிகளுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு இருக்கிறது.

நாமக்கல்லில் சிறுதொழில்காரர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு. எங்கள் ஓனர் நல்லசிவம் அண்ணன்தான் போயிருக்க வேண்டும். "அங்க போயிப் பள்ளிக்கொடத்துப் பையனாட்டம் எவன் உக்கார்றது? நீதான் பி.எஸ்ஸி. படிச்சிருக்கியே அம்முணி, போய்ட்டு வா" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

கோயமுத்தூரிலிருந்து வந்த சார் ஒருவர் பாடம் எடுத்தார். தொழில் நடத்துகிற முறையையே மாற்ற நினைத்தால், முதலில் அதைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பாருங்கள் என்றார். அதுதான் சிமுலேஷனாம். "கம்ப்யூட்டர்ல நஷ்டமானா யாரும் அழமாட்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் குறட்டை விட்டார். நான் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தேன். கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்த பாடம்தான். எல்லாம் மறந்து மண்ணாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். கை தானாகக் கணக்குப் போட்டது. சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்கென்ன, நெம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 12

போர் போடுகிற எங்கள் மூன்று வண்டிகளும் ஊருக்கு வந்துவிட்டன. வடக்கே மழை பிடித்தால் வேலை நிற்கும். ஜூலையில் வருவார்கள், ஆயுதபூஜை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் வண்டியின் டிரில்லர் என் வீட்டுக்காரர் தங்கராசு. நாலு வருஷமாக அவருக்குச் சத்தீஸ்கர்தான் ஊர். எங்கள் வீட்டுக்கு அவர் ஒறம்பரை, வந்து போகிற விருந்தாளி.

மிருதுளாவுக்கு ஏழு வயது. அப்பாவைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அம்மா, அவரு எத்தன நாளைக்கு இருப்பாரு?" என்று கேட்டாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் மாதிரி செருப்பை நேராக வைத்தார். அப்புறம் இன்னொரு தடவை நேராக வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று தெரியாமல் பிள்ளையைப் பிடித்துச் சத்தம் போட்டேன்.

ஜூலை 16

ஓனருக்கு முகமே சரியில்லை. "வடக்க போனா நம்மூரு வண்டியே நானூறு நிக்குது. எவன் கொறச்சு ஓட்டறான்னுதான் போட்டி. இந்த வருஷம் மூணையும் அனுப்பறதா, ஒண்ணை வித்துப்போடறதான்னு தெரியல" என்றார்.

வகுப்பிலிருந்து வந்த நாள் முதல் என் வாயில் நின்றதைச் சொல்லிவிட்டேன். "அனுப்பவே வேண்டாமுங்ணா. மூணு வண்டியும் இங்கயே ஓட்டலாம். ஆனா மொறைய மாத்தோணும்."

இப்போதைய முறை இதுதான். ஆயிரம் அடி துளை போட்டால் ஆயிரம் அடிக்கும் விவசாயி காசு கொடுக்க வேண்டும். தண்ணீர் வந்தாலும் சரி, வெறும் புழுதி புகையாக வந்தாலும் சரி. புகை வந்த வீட்டில் காசு வாங்குவது எழவு வீட்டில் மொய் கேட்கிற மாதிரி என்று என் வீட்டுக்காரர் ஒருதரம் சொல்லியிருக்கிறார். நான் சொன்ன முறை: தண்ணீர் வந்தால்தான் காசு. அடிக்கு ஒன்றரைப் பங்கு வாங்கிக்கொள்வோம். வராவிட்டால் டீசல்கூடக் கேட்கமாட்டோம்.

"அட கெரகமே! பொகையாப் போனா நம்ம கதி?" என்றார்.

"அதைத்தானுங்ணா கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கலாங்கறேன்."

இந்த யோசனை கம்பெனிக்காகத்தான். வேறு எதற்கு?

ஜூலை 22

மூன்றாம் வண்டி வடக்கே போவதற்கு முன்னால் ஆறு வருஷம் உள்ளூரிலேயே ஓடியது. அந்த ஆறு வருஷத்து லாக் புத்தகங்களைக் கிட்டங்கியிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு போருக்கும் ஒரு வரி: தேதி, ஊர், எத்தனை அடி, எத்தனை இஞ்ச் தண்ணீர். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு போர். எல்லாம் என் வீட்டுக்காரர் கையெழுத்து. கோழி கிளறின எழுத்துதான், ஆனாலும் எனக்குப் பழக்கம்.

ஓனர் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "ஒரு போருக்கு ஒரு சீட்டு எழுதி எல்லாத்தையும் ஒரு குண்டாவுல போட்டாச்சுன்னு வெச்சுக்கோங்க. கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுங்க. அதுதான் நாளைக்குப் போடற போர். பாத்துட்டு உள்ளயே போட்டுட்டு அடுத்தது எடுங்க. அப்படி எழுநூறு எடுத்தா மூணு வண்டிக்கும் ஒரு வருஷம். லாபமா நஷ்டமான்னு பாருங்க. அப்பறம் மறுபடி மொதல்ல இருந்து. கம்ப்யூட்டர் அப்படிப் பத்தாயிரம் வருஷம் ஓட்டும்."

"எவ்வளவு நேரத்துல?"

"டீ குடிக்கறதுக்குள்ளீங்ணா."

"எங்கப்பன் முப்பது வருஷம் ஓட்டிட்டுச் செத்தாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜூலை 25

சமையல், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, ஆபீஸ், எண் அடிப்பு. ஆயிரத்து முந்நூறு வரி அடித்து விரல் வீங்கிவிட்டது. ஒன்று கவனித்தேன். மூன்றில் ஒரு போருக்கு "½" என்று இருக்கிறது. ஆயிரத்து நூறு அடி போயும் அரை, அறுநூறிலும் அரை. ஒரு போரில்கூடச் சுத்தமாகத் தண்ணீர் இல்லை என்று எழுதவில்லை. நம் ஊர் பூமி அவ்வளவு நல்ல பூமியா? இவரிடம் கேட்கலாம். மிருதுளாவுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட மனசு வரவில்லை.

ஜூலை 27

எத்தனை இஞ்ச் வந்தால் "தண்ணீர் வந்தது" என்று வைப்பது? விவசாயத்துக்கு முக்கால் இஞ்சாவது வேண்டும். முக்கால் என்று வைத்து ஓட்டினேன். பத்தாயிரம் வருஷத்தில் ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது வருஷம் நஷ்டம். திரை முழுக்கச் சிவப்பு.

மத்தியானச் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 28

அரை இஞ்ச் தண்ணீரும் தண்ணீர்தானே! ஒரு வீட்டுக்கு, நாலு மாட்டுக்குத் தாராளம். ஒப்பந்தத்திலேயே "அரை இஞ்ச் வந்தால் காசு" என்று எழுதிவிட்டால் போயிற்று. அரை என்று வைத்து ஓட்டினேன். பத்தாயிரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு வருஷம்தான் நஷ்டம். மற்றதெல்லாம் பச்சை.

இதை அச்சடித்தேன். நேற்றையதை அழித்துவிட்டேன். இரண்டு தாளைக் காட்டினால் ஓனர் குழம்பிப் போவார்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஓனர் வீட்டில் கூடிப் பேசினோம், அவரும் நானும் அவர் மச்சினரும். ஓனர் தாளை மூன்று தடவை படித்தார். "டிரில்லர்களையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டுருவமா? மாரப்பன் இருவது வருஷமா ஓட்டறவன்" என்றார். மாரப்பண்ணன் முதல் வண்டி டிரில்லர்.

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்ணா" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன். ஆடி முடியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஆரம்பிப்போம் என்று முடிவாயிற்று. வண்டிகள் வடக்கே போகாது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "நெசமாவா? நெசமாவா?" என்று நாலு தடவை கேட்டார். அப்புறம் கடைக்குப் போய் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். மூன்று பேருக்கு ஒரு கிலோ! திட்டினேன். திட்டிக்கொண்டே தின்றேன்.

ஆகஸ்ட் 22

"தண்ணீர் வந்தால்தான் காசு" என்று சேலம் ரோட்டில் போர்டு. காலையிலிருந்து போன் ஓயவில்லை. நாற்பத்தொரு பேர் பதிந்திருக்கிறார்கள். ஓனர் எனக்குப் புதுச் சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை.

செப்டம்பர் 6

காலையில் எழுந்தபோது பிள்ளையின் சடை பின்னியாகிவிட்டது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. "அப்பா பின்னுனாரு, அவுக்காத" என்று மிருதுளா தலையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அப்படியே பள்ளிக்கூடம் போனாள். இப்போதெல்லாம் அவர் வேலை முடிந்து வந்ததும் எங்கே போட்டீர்கள், எவ்வளவு ஆழம் என்று அவள்தான் கேள்வி கேட்கிறாள். எத்தனை நாள் இருப்பார் என்று கேட்பதில்லை.

இது போதும் எனக்கு. வேறு ஒன்றும் வேண்டாம்.

செப்டம்பர் 19

இருபத்தாறு போர் முடிந்தது. பதினொன்றில்தான் தண்ணீர். ஓனர் கேட்டார். "கொஞ்ச எண்ணிக்கையில ஏத்தஎறக்கம் இருக்குமுங்ணா, நூறு போகட்டும்" என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 30

மூன்று வண்டி, மூன்று போர், மூன்றும் புகை.

அக்டோபர் 8

எண்பத்தேழு போரில் முப்பத்தெட்டு. அரை இஞ்ச் என்று ஒரு போர்கூட வரவில்லை. வந்தால் ஒன்று, ஒன்றரை, இரண்டு. இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. பழைய புத்தகத்தில் மூன்றில் ஒன்று அரையாக இருந்ததே, அதெல்லாம் எங்கே போயிற்று?

இன்றைக்குக் கேட்டேவிட்டேன். இவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பழைய புத்தகத்தை விரித்து விரலை வைத்தேன். "இந்த அரையெல்லாம் என்னங்க?"

எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது பொகை."

"பொகைன்னா பூஜ்யம்தானே போடோணும்?"

"பூஜ்யமா? வண்டிப் புத்தகத்துல எவனாச்சும் பூஜ்யம் போடுவானா? ஓனரோட அப்பா காலத்துலயே அது ஆகாது. மொதப் பக்கத்துல மஞ்ச வெச்சு, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கற புத்தகம். அதுல 'இல்லை'ன்னு எழுதுனா வண்டி வெளங்குமா? ஏம்ப்புள்ள, உப்புத் தீந்தா நீ என்ன சொல்லுவ?"

"நெறஞ்சிருக்குதும்பேன்."

"அதான். மூணு வண்டிக்காரனும் அப்படித்தான் எழுதுவோம். இது ஊருக்கே தெரியுமே."

ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் வேலையிலிருந்து வந்ததும் தண்ணீர் வந்ததா என்று கேட்பேன். "வந்துச்சு, அரை" என்பார். பரவாயில்லையே என்று காபி போடுவேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எதுக்குக் கேக்கற?" என்றார்.

"சும்மா" என்றேன்.

அக்டோபர் 11

ஆபீஸ் பெண்கள் வண்டி பக்கம் போகக்கூடாது என்பது கம்பெனி வழக்கம். கம்ப்யூட்டருக்குள் எழுபது லட்சம் போர் போட்டவள் நிஜப் போர் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இன்று வழக்கமாவது ஒன்றாவது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் பக்கம் போனேன். மாரப்பண்ணன் வண்டி நின்றது. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்தது. எட்டடிக்கு அப்பால் ஆள் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புழுதி. மாரப்பண்ணன் கண் இமையெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

தோட்டக்காரர் குப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அறுநூறு தாண்டி, எண்ணூறு தாண்டி, ஆயிரம் அடியும் ஆயிற்று. புகைதான். மனுசர் சாவதானமாக இருக்கிறார்.

"வெசனமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அம்முணி வெசனம்? இந்தக் காட்டுல இதோட ஆறு போட்டாச்சு. அஞ்சும் பொகை. எங்காசா இருந்தா ஆறாவது போட்டிருப்பனா? உங்க செலவுதானே, இன்னொரு எரநூறு அடி எறக்கிப் பாக்கச் சொல்லு."

திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு நின்றேன். நல்ல நீரோட்டம் இருக்கிறவன் குறைந்த விலைக்கு வேறு வண்டியைக் கூப்பிடுகிறான். பாழும் காட்டுக்காரன் எல்லாம் எங்களைக் கூப்பிடுகிறான். யார் கூப்பிடுவார்கள் என்பதை நான் குண்டாவில் போடவே இல்லை. அது தெரியாமல் விட்டது. அதற்காவது என்னை மன்னித்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 20

தீபாவளி. அப்பாவும் மகளும் வெடி வைத்தார்கள். நான் முறுக்குச் சுட்டேன். ஓனர் வீட்டிலிருந்து இந்த வருஷமும் பலகாரப் பெட்டி வந்தது. அதைப் பிரிக்கவே கை வரவில்லை.

நவம்பர் 5

அரை என்றால் புகை என்று ஓனரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் உள்ளே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அரைன்னா பொகைன்னு எனக்குத் தெரியாதா அம்முணி? அந்தப் பழக்கத்தை வெச்சதே எங்கப்பன்தானே. நீ அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் போட்டிருப்பேன்னு நெனச்சேன். இத்தன வருசமா இங்க இருக்கற, படிச்சவ, உங்க ஊட்டுக்காரனே எழுதுன புத்தகம்..."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபப்படவில்லை. "கம்ப்யூட்டர் சொல்லுதுங்கவும் நானும் வாய மூடிட்டேன். ரெண்டு பேரும் ஏமாந்தோம், போ" என்றார்.

முக்கால் இஞ்ச் வைத்து ஓட்டிய தாளைப் பற்றி நான் சொல்லவில்லை. அரையைத் தண்ணீராக எடுக்காத கணக்கு அது. உண்மையைத்தான் சொன்னது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். வாய் வரைக்கும் வந்தது. ரெண்டு பேரும் என்று அவர் சொன்ன பிறகு எப்படிச் சொல்வது?

நவம்பர் 18

முதல் வண்டி விற்றாகிவிட்டது. வாங்கினவர் ஆந்திராக்காரர். தன் ஆட்களையே வைத்துக்கொள்வாராம். ஒன்பது பேருக்கு வேலை இல்லை. மாரப்பண்ணன் ஆபீஸுக்கு வந்து சாவியைக் கொடுத்தார். தை மாதம் வைத்திருந்த மகள் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தால். "உன்னைச் சொல்லி என்ன கண்ணு, பூமி அப்படி" என்று என்னையே தேற்றிவிட்டுப் போனார்.

கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 26

அரிசி அரவை. மிருதுளா பரீட்சை. கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது.

டிசம்பர் 9

இரண்டாம் வண்டியும் போயிற்று. இன்னொரு ஒன்பது பேர். போர்டைக் கழற்றினார்கள். மிச்சம் ஒரு வண்டி, அது இவர் வண்டி.

டிசம்பர் 20

சத்தீஸ்கரில் ஒரு சுரங்கக் கம்பெனி ஒரு வண்டி கேட்கிறது. பதினெட்டு மாத ஒப்பந்தம். தண்ணீருக்கு இல்லை, பாறையின் மாதிரித் துண்டு எடுக்க. அடிக்கு இவ்வளவு என்று நிலையான கூலி. மழைக் காலத்திலும் வேலை உண்டு, வண்டி ஊருக்கு வராது.

ஓனர் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். இளைத்துவிட்டார். "பழைய மொறைக்கே போயி இங்கயே ஓட்டறதா, அங்க அனுப்பறதா? இன்னொருக்கா ஓட்டிப் பாரு அம்முணி."

"மறுபடி எங்கணக்கை நம்பறீங்களாண்ணா?"

"வேற யாரை நம்பறது?" என்றார்.

டிசம்பர் 22

அரையையெல்லாம் பூஜ்யமாக மாற்றினேன். நானூற்று நாற்பத்து மூன்று இடம், ஒவ்வொன்றாக. இந்த நாலு மாதத்துப் போர்களையும் சேர்த்தேன். துளை போடுகிற ராடு உடைவது, வேலை இல்லாத நாள், புகையானால் வராமல் நிற்கிற பாக்கி, கூப்பிடுகிறவர்கள் எந்தப் பூமிக்காரர்கள் என்பது வரை எல்லாம் போட்டேன். கோயமுத்தூர் சாருக்குப் போன் செய்து இரண்டு சந்தேகம் கேட்டேன். பி.எஸ்ஸி.யில்கூட இவ்வளவு ஒழுங்காகப் போட்டதில்லை.

இங்கேயே ஓட்டினால் பத்தாயிரத்தில் ஒன்பதாயிரத்து நூற்றுப் பத்து வருஷம் நஷ்டம். அங்கே அனுப்பினால் இருநூற்று அறுபது.

இரண்டு எண்ணைத் தொட்டால் போதும். வேலை இல்லாத நாளைக் குறைத்து, ராடு உடைவதைக் குறைத்து... யாருக்குத் தெரியப் போகிறது? இன்னொரு ஆறு மாதம் வீட்டில் இருப்பார். அப்புறம் இந்த வண்டியும் போகும், அதோடு ஒன்பது பேரும் போவார்கள், இவரும் அந்த ஒன்பதில் ஒருவர்.

தொடவில்லை. இரண்டு தாளையும் அச்சடித்து ஓனர் மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை கணக்கு சரியாக இருக்கிறது. இவ்வளவு சரியாக ஒரு கணக்கு போட்டு இவ்வளவு வெறுத்ததில்லை.

டிசம்பர் 24

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. தை பிறந்ததும் கிளம்ப வேண்டும்.

இவருக்கு ஓனரே இரண்டு தாளையும் காட்டியிருக்கிறார். சாயங்காலம் வந்து வாசல்படியில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது.

"நல்லாப் போட்டிருக்க. நல்லது கெட்டது ரெண்டையும் போட்டிருக்க. மொத தடவயும் இந்த மாதர ரெண்டு தாள் போட்டிருந்தீன்னா இத்தன கூத்து வந்திருக்காது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

"போட்டேன்" என்றேன்.

"என்னது?"

"மொத தடவயும் ரெண்டு போட்டேன். ஒண்ணு நஷ்டம்னு வந்துச்சு. அதை அழிச்சுட்டேன். அரை இத்தன இருக்குதேன்னு உங்களைக் கேக்கோணும்னும் தோணுச்சு. கேக்கல. கேட்டா நீங்க சொல்லிப்போடுவீங்கன்னு பயம்."

"எதுக்கு?"

"நீங்க ஊட்ல இருக்கோணும்னு."

சொன்னதும் அவர் முகம் இளகும் என்று நினைத்தேன். உள்ளதை எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன். புருஷன் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒருத்தி செய்தால் எந்தப் புருஷனுக்கும் கொஞ்சமாவது இளகும் என்று ஐந்து மாதமாக அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "மாரப்பண்ணன்தான் எனக்கு ராடு பிடிக்கக் கத்துக் குடுத்தாரு" என்றார். "பதினெட்டுப் பேரு. நேத்து டீக்கடையில அவுங்களோட உக்காந்து ஓனரை ஏசிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? நானும் சேந்து ஏசுனேன்."

"ஏனுங், நான்..."

"என்னை வெச்சுப் பண்ணீட்டியே ஜமுனா. எனக்குன்னு பண்ணீட்டியே. இனி அவுங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

சத்தம் போட்டுப் பேசவில்லை. மிருதுளா ஓடி வந்து அவர் முதுகில் தொங்கினாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 31

பேசுகிறார். சோறு போடு, கரண்ட் பில் கட்டு, பிள்ளைக்கு ஷூ சின்னதாகிவிட்டது. எல்லாம் பேசுகிறார்.

ஜனவரி 7

மாரப்பண்ணன் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை, பக்கத்து வீட்டக்கா சொன்னார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் செய்தது என்று சொல்லியிருக்கமாட்டார். அதை அவரே சுமந்துகொண்டு சத்தீஸ்கர் போவார். அவரை எனக்குத் தெரியும்.

மாரப்பண்ணனிடம் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் வீடு இருக்கிற மல்லசமுத்திரம் ரோடு வரைக்கும் ஸ்கூட்டரில் போனேன். பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஜனவரி 13

போகி. நாளை மறுநாள் காலை வண்டி கிளம்புகிறது.

சுரங்கக் கம்பெனிக்கு ஆள் பட்டியல் அனுப்ப வேண்டும். ஒன்பது பேர் பெயர், ஊர், ரத்த வகை, லீவு மாதம். ஆறு மாதத்துக்கு ஒருதரம் பதினைந்து நாள் லீவு உண்டு. எல்லாரும் ஒரே சமயம் வரக்கூடாது என்பதால் அவரவர் எந்த மாதம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓனர் ஒவ்வொருவரையும் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அவர் படிக்க, நான் அடித்தேன். சமையல்காரர் பங்குனித் தேருக்கு வருகிறார். ஹெல்பர் இருவர் ஆடிக்கு. கம்ப்ரஸர் ஆபரேட்டர் மனைவியின் பிரசவத்துக்கு. எல்லாரும் இரண்டு லீவுக்கு இரண்டு மாதப் பெயர் சொல்லியிருந்தார்கள்.

கடைசிப் பெயருக்கு வந்ததும் ஓனர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"தங்கராசு லீவு வேண்டாங்கறானே. பதினெட்டு மாசமும் வேண்டாமாம். அவன் லீவை மத்தவங்க எடுத்துக்கட்டும்னு சொன்னான். ஏம்மா, என்னமோ ஞாபகத்துல சொல்லீட்டானாட்டம் இருக்குது. நீ ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு அடி."

"கேக்க வேண்டியதில்லீங்ணா" என்றேன். "சரியாத்தான் சொல்லியிருக்காரு."

அவர் பெயருக்கு எதிரே இரண்டு கட்டத்திலும் "வேண்டாம்" என்று அடித்தேன். அச்செடுத்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து, ஓனரிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன்.